ஆதிநாத் பாபுவுக்குப் பிடித்த மீன்கள்

வங்கத்து நதிகள் தங்களுடைய மிகச் சிறந்த ரசிகரை இழந்து நிற்கின்றன என்று அச்சடித்த அட்டை சொன்னது. செவுளைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் இது கங்கையில் வளர்ந்ததா ரூப்நாராயணில் வளர்ந்ததா என்று சொல்லக்கூடிய கடைசி மனிதரும் போய்விட்டார், இனி மீன்கள் நீந்துவதற்குக் காரணம் இல்லை என்கிற அளவுக்கு அதில் எழுதியிருந்தது. எழுதியவர், போனவரின் மகன் சுகோமல் சன்யால். கல்லூரியில் அரசியல் விஞ்ஞானம் கற்பிப்பவன். நூற்றைம்பது அட்டைகள்.

நிருபமா ஓர் அட்டையைப் படித்துவிட்டு உறைக்குள்ளேயே திரும்பப் போட்டாள். அந்த ரசிகருடன் முப்பத்தேழு வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். கொன்னகர் சந்தையில் மீன் விற்கும் நிதாய்க்கு, சன்யால் பாபுவின் குடை தூரத்தில் தெரிந்தால் போதும். முந்தின நாள் பனிக்கட்டியில் கிடந்ததை எடுத்து மேலே போடுவான். "இத யார் கண்ணுலயும் காட்டல பாபு. கண்ணு இருக்கிறவருக்குத்தான் குடுக்கணும்னு வெச்சிருந்தேன்." பாபு அதன் வயிற்றை அமுக்குவார், செவுளைத் திறப்பார், சுற்றி நிற்பவர்களுக்கு ஐந்து நிமிடம் பாடம் எடுப்பார், சொன்ன விலையைக் கொடுத்து வாங்கி வருவார். அது வீடு வந்து சேரும்போது அடுக்களையில் நிருபமா மூக்கைத் திருப்பிக்கொண்டு உப்பையும் மஞ்சளையும் அள்ளிப் பூசி, கடுகெண்ணெயைப் புகைய விட்டு, எப்படியோ அதை மீனாக்கிப் பரிமாறுவாள். "பாத்தியா, என் கை எடுத்த மீனு," என்பார் ஆதிநாத். கடைசி நான்கு வருடம் அந்தக் கை சந்தைப் பக்கம் போகவும் இல்லை. டாக்டர் சொற்படி வெந்த பப்பாளிக்காயும், தேளி மீன் போட்ட தண்ணீர்க் குழம்பும் குடித்து, ஆவணி மாத மழையில் ஒருநாள் மார்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் வீட்டில் பச்சரிசிச் சோறு, நெய், வேகவைத்த வாழைக்காய். பதின்மூன்றாம் நாள் நியமம் முடியும். போனவருக்குப் பிடித்த மீனையெல்லாம் சமைத்து உற்றார் உறவினருக்குப் பந்தி போட்டு, வீடு மறுபடி மீனுக்குத் திரும்பும். வீடு என்றால், அவருடைய மனைவியைத் தவிர்த்த வீடு; விதவை மீனைத் தொடக்கூடாது.

ஒன்பதாம் நாளே கூடத்தில் உட்கார்ந்து பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள். நிருபமா கதவோரம் நின்றாள்.

"தாதாவுக்கு உயிர்னா இறால்தான்," என்றார் அண்ணனைப் பற்றி, ஆதிநாத்தின் தம்பி பூபதி. "பெரிய இறாலா வாங்கணும். தலைய எடுக்கக்கூடாது. தேங்காய்ப்பால்ல கொதிக்க விட்டு, ஒரு ஏலக்காய், ஒரு பட்டை. அவ்வளவுதான்."

இறால் பூபதிக்கு உயிர். ஆதிநாத் இறால் தின்றால் உடம்பெல்லாம் தடித்துப் போய் இரண்டு நாள் சொறிந்துகொண்டிருப்பார்.

"எங்க வீட்டுக்கு வந்தப்ப ஆட்டுக்கறிதான் ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு," என்றாள் மருமகள் ஷிப்ரா. "எங்கம்மா தண்ணியே விடமாட்டாங்க. தயிர்ல ஊறவெச்சு, உருளைக்கிழங்க ரெண்டா வெட்டிப் போட்டு, மூடிவெச்சு, சின்னத் தீயில ரெண்டு மணி நேரம்."

"இன்னிக்குச் செத்தவனுக்கு நாளைக்குக் கறி போட்டா ஊரே சிரிக்கும். நியமம் முடியற அன்னிக்கு மீனு. கறி அப்புறம்," என்றார் பூபதி.

"சிரிக்கட்டும் காகா," என்றான் சுகோமல் சித்தப்பாவிடம். "சிரிக்கிறவங்களுக்கும் சேத்துத்தான் சமைக்கிறோம். கறியும் எழுதிக்கோ. கட்லா, பெரிய துண்டு. இலிஷ். இலிஷ் இல்லாம அப்பாவா?"

ஆதிநாத்துக்கு உண்மையில் பிடித்தது சுண்டுவிரல் நீளத்தில் இருக்கும் பொடிமீன். கூலிக்காரர்கள் வாங்குவது. மொறுமொறுவென்று வறுத்துப் பொரியோடு பிசைந்து, வாசற்கதவைச் சாத்திவிட்டுத்தான் தின்பார். மீனறிஞர் பொடிமீன் தின்றதை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது. நிருபமாவை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போனவரின் மானத்தை அவள்தானே இத்தனை காலம் வறுத்து வைத்திருந்தாள்.

அவளுக்கு வேறொரு பயம் இருந்தது. நான்காம் நாள், வாழைக்காய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அழவேண்டிய நேரத்தில், அவளுக்கு இலிஷ் மீன் ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் சும்மா வரவில்லை; படிப்படியாக வந்தது. வாணலியில் கடுகெண்ணெய். ஒரு சிட்டிகை கருஞ்சீரகம். கீறின பச்சைமிளகாய் நாலு. மஞ்சள் கரைத்த தண்ணீர், உப்பு. மீனை வறுக்கக்கூடாது, பச்சையாகவே இறக்கி மூடிவிட வேண்டும். பத்து நிமிடத்தில் அதன் கொழுப்பே மேலே வந்து மஞ்சளாக நிற்கும். அன்றிலிருந்து தினமும் வந்தது. கணவனின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றால் கண்ணாடி போட்ட அந்த முகம் அரைகுறையாக வந்து, அதன் பின்னாலிருந்து ஆவி பறந்தது. இனி ஆயுசுக்கும் கிடையாது என்பது அவரைப் பற்றிய நினைப்பா, மீனைப் பற்றியதா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாராவது தன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பத்தாம் நாள் சுகோமல் வந்து எதிரே உட்கார்ந்தான். சொற்பொழிவுக்கு முன்னால் தொண்டையைச் செருமுவதுபோல் செருமினான்.

"மா, ஒரு முடிவு பண்ணியிருக்கோம். பதிமூணாம் நாள் நீ மீன் சாப்பிடப் போற."

நிருபமாவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஊர் என்ன சொல்லும்," என்றாள்.

"ஊர் சொல்லணும்னுதான் பண்றோம். எல்லார் முன்னாடியும், மாடியில, அப்பா படத்துக்குக் கீழ உக்காந்து சாப்பிடற. நான் கொஞ்சம் பேசறேன். எங்க சங்கத்துப் பத்திரிகையிலேர்ந்து போட்டோ எடுக்க ஆள் வரான்."

"உள்ள, அடுக்களையில உக்காந்து சாப்பிட்டா ஆகாதா?"

"உள்ள சாப்பிட்டா யாருக்குத் தெரியும், மா?"

மீன் கிடைக்கிறது, மாடியானால் என்ன, மைதானமானால் என்ன என்று அவள் தலையை ஆட்டினாள். அம்மாவின் மௌனத்தைச் சுகோமல் நூற்றாண்டுகளின் மௌனம் என்று குறித்துக்கொண்டு போனான். சொற்பொழிவில் ஓர் இடத்தில் அது பிறகு வந்தது.

பன்னிரண்டாம் நாள் மாலை பைத்யபாட்டியிலிருந்து ஹேமலதா வந்து இறங்கினாள். ஆதிநாத்தின் அக்கா. பத்தொன்பது வயதில் கணவனை இழந்தவள், இப்போது அறுபத்தெட்டு. தன் அடுப்பு, தன் பாத்திரம், தன் அரிசி, எல்லாம் மூட்டையில். யாரும் அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள்.

நிருபமா அவளுக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடப் போறியாமே, பௌ," என்றாள் ஹேமலதா தம்பி மனைவியிடம்.

"அவன் பிடிவாதம் பிடிக்கிறான், தீதி. பேச்ச மீற முடியல."

"அவன் சின்ன வயசுல பாகற்காய் சாப்பிடமாட்டேன்னு பிடிச்ச பிடிவாதத்த ரெண்டே அடியில நிறுத்தினவ நீ."

நிருபமா தலையணை உறையைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"கோவத்துல சொல்லல," என்றாள் ஹேமலதா. "கேக்கறேன். நாப்பத்தொம்பது வருஷம். எதிர் இலையில எல்லாரும் முள்ளு எடுத்து எடுத்து வெப்பாங்க, நான் பருப்புல சோத்தப் பிசைஞ்சுக்கிட்டு ருசியே மறந்து போச்சும்பேன். ஒண்ணும் மறக்கல. இப்ப நீ பதிமூணே நாள்ல உக்காந்து சாப்பிட்டு, எல்லாரும் கையும் தட்டினா, நான் இத்தன காலம் பண்ணினதுக்கு என்ன பேரு?"

"தீதி..."

"பேரு சொல்லு. உன் பையன் படிச்சவனாச்சே, கேட்டுச் சொல்லு."

சாப்பிடமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நிருபமா வாயைத் திறந்துகூடப் பார்த்தாள். அந்த வார்த்தை வரவில்லை, எச்சில்தான் ஊறியது. விளக்கைச் சின்னதாக்கிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் மாடியில் தார்ப்பாய் கட்டி, முற்றத்தில் கல் அடுப்பு மூட்டினார்கள். செத்தவருக்கான தட்டு எல்லா வகையும் வைத்துக் காலையிலேயே கங்கைக்குப் போய்விட்டது. நிருபமா முற்றத்துக்கு இறங்கிப் பார்த்தாள். கட்டாக்கிலிருந்து வந்து இந்த வட்டாரத்தில் முப்பது வருடமாக விசேஷச் சமையல் செய்யும் தயாநிதி டாகுர், இலிஷுக்கு முந்திரியும் வெங்காயமும் தயிரும் அரைத்துக் குவித்துக்கொண்டிருந்தார்.

"இலிஷுக்கு வெங்காயமா, டாகுர்?"

"பெரிய மனுஷங்க வர்ற பந்திம்மா. வெறும் தண்ணியா வெச்சா, தயாநிதிக்குக் கை நடுங்குது, வயசாயிடுச்சும்பாங்க."

"ஒரே ஒரு துண்டு. எனக்குன்னு." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "கருஞ்சீரகம், பச்சைமிளகாய். வறுக்காம."

தயாநிதி ஒரு சின்ன வாணலியை எடுத்து ஓரத்து அடுப்பில் வைத்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் செய்தார்; பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கிண்ணத்தில் அவர் எடுத்து வைத்ததைப் பார்த்து அவள், "இது வயித்துத் துண்டு," என்றாள்.

"போட்டோ புடிக்கிறாங்களாமே. பெருசா, முட்டையோட இருக்கறதா பாத்து வைங்கன்னு தம்பி சொன்னாரு."

அந்த வீட்டில் வயிறு ஆதிநாத்துக்கு, முதுகு சுகோமலுக்கு, வால் நிருபமாவுக்கு. யாரும் அப்படிச் சட்டம் போட்டதில்லை. அதனால் யாரும் அதை எதிர்த்துக் கட்டுரை எழுதியதும் இல்லை. முப்பத்தேழு வருடம் அவள் சாப்பிட்ட இலிஷ் முழுக்க வால். மயிர் மாதிரி முள், நடுவில் நூல் மாதிரி சதை. வயிற்றுத் துண்டு எத்தனை பரிமாறியிருப்பாள் என்று கணக்கே இல்லை. தின்றதில்லை.

மாடியில் கணவரின் படத்துக்குக் கீழே பலகை போட்டு அவளை உட்கார வைத்தார்கள். வெண்கலத் தட்டில் சோறு, கிண்ணத்தில் மீன். எதிர் மூலையில் ஹேமலதா தன் பருப்புச் சோற்றோடு. முதல் பந்தி உட்கார்ந்ததும் சுகோமல் எழுந்து நின்றான்.

"இன்னிக்கு ஒரு வீட்டோட நியமம் முடியற நாள் மட்டும் இல்ல. ஒரு யுகத்தோட நியமம் முடியற நாள்..."

நன்றாகவே பேசினான். பெண்ணின் நாக்கின் மீது ஆண்கள் போட்ட பூட்டு என்றான். காலம்காலமாக இந்த மூடத்தனத்தைச் சுமந்து, அதையே புண்ணியம் என்று நம்பி வீணாய்ப்போன வாழ்க்கைகள் என்றான். வீணாய்ப்போன வாழ்க்கை எதிர் மூலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. கைதட்டல் எழுந்தது, தட்டியவர்கள் எல்லாம் இடது கையால் தொடையில் தட்டினார்கள், வலது கை இறாலில் இருந்தது.

நிருபமா துண்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

"மா, மா, இரு." சுகோமல் குனிந்து காதருகே சொன்னான். "போட்டோக்காரன் இன்னும் வரல. ஹௌரா லோக்கல் லேட்டாம். அவன் வந்தப்புறம் முதல் வாய் வைக்கணும். நடுவுல எடுத்தா நல்லா இருக்காது."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் பந்தி எழுந்தது. இரண்டாம் பந்தி உட்கார்ந்தது. மழை தார்ப்பாயில் கொட்டியது. கிண்ணத்தில் ஆவி நின்றது, பிறகு கொழுப்பு ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தது. போகிற வருகிற பெண்கள், இன்னும் தொடலையே, பாவம், மனசு வரல போலிருக்கு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். மனசு எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது, ரயில்தான் வரவில்லை.

அட்டை நூற்றைம்பது. ஆசிரியர் சங்கம் அட்டை இல்லாமலே வந்திருந்தது. மூன்றாம் பந்தியில் இலிஷ் தீர்ந்தது. இரண்டரை மணிக்கு, குடையை மடக்கிக்கொண்டு, யாரும் எதிர்பார்க்காமல் கல்லூரி முதல்வர் காளிகிங்கர் தத்தகுப்தா படியேறி வந்தார். துறைத் தலைவர் நாற்காலி ஆறு மாதமாகக் காலியாக இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"உக்காருங்க சார், உக்காருங்க," என்றான் சுகோமல்.

"ஒண்ணும் வேணாம்ப்பா. வயசான வயிறு. இலிஷ் இருந்தா ஒரே ஒரு துண்டு போதும். ஆதிநாத் பாபு பேரச் சொல்லி."

சுகோமல் முற்றத்துக்கு ஓடினான். தயாநிதி அண்டாவைச் சாய்த்துக் காட்டினார். சுகோமல் மாடிக்கு ஓடிவந்தான். அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"மா, நீ இன்னும் தொடல இல்ல?"

"போட்டோக்காரன் வரட்டும்னு நீதானே..."

"தொடாதது நல்லதாப் போச்சு. எச்சிலாகல." எச்சில் என்பது சாதியின் கடைசிக் கோட்டை என்று போன வருடம்தான் அதே பத்திரிகையில் ஆறு பக்கம் எழுதியிருந்தான். "உனக்கு வேற ஏற்பாடு பண்றேன். ரெண்டே நிமிஷம்."

கிண்ணம் போயிற்று. பந்தியின் அந்தக் கோடியில் முதல்வர் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். அடுத்த விள்ளல். முட்டையைத் தனியாக எடுத்து, கடைசிக்கென்று இலையோரம் வைத்துக்கொண்டார்.

"இதுதானய்யா இலிஷ். ஆறிப்போயும் பாரு. மத்த எடத்துல எல்லாம் மீனுக்குக் கல்யாணச் சேலை கட்டி விடறான். யார் கைப்பக்குவம்?"

"அப்பா சொல்லிக் குடுத்த முறை, சார்," என்றான் சுகோமல். "ரொம்ப எளிமை. அஞ்சே பொருள்தான்."

"மேதை," என்றார் முதல்வர், படத்தைப் பார்த்து.

நிருபமா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தது தெரிந்தது. ஹேமலதா.

"எடுத்துட்டுப் போயிட்டானா?"

"போயிட்டான்."

"ஒரு வாயாவது வெச்சியா?"

"இல்ல, தீதி."

"முட்டாள்," என்றாள் ஹேமலதா. "கையில கெடச்சத ரெண்டு மணி நேரம் பாத்துக்கிட்டா உக்காந்திருப்ப? நான் வேணாம்னு சொன்னதுக்காகவா?"

"இல்ல. போட்டோக்காரனுக்காக."

ஹேமலதா சிரித்தாளா இருமினாளா என்று தெரியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தன் பாத்திரங்களைக் கழுவப் போய்விட்டாள். அன்று மாலையே பைத்யபாட்டிக்கு ரயிலேறினாள்.

போட்டோக்காரன் நான்கு மணிக்கு வந்தான். மழையில் நனைந்து, கேமராவை மட்டும் நனையாமல் கொண்டுவந்திருந்தான். கட்லா தீர்ந்திருந்தது. இறால் தீர்ந்திருந்தது. ஆட்டுக்கறியில் உருளைக்கிழங்கு இருந்தது.

"ஷிப்ரா, ஏதாவது கொண்டா. மீன் மாதிரி."

"மீன் மாதிரின்னா?"

"வட்டமா, வறுத்ததா. கருப்பு வெள்ளையில எல்லாம் ஒண்ணுதான்."

ஷிப்ரா கொண்டுவந்ததைத் தட்டில் வைத்தார்கள். "கைய வாய்க்குப் பக்கத்துல கொண்டு போங்க, மாசிமா," என்றான் போட்டோக்காரன். "ரொம்ப மூடாதீங்க. கொஞ்சம் சந்தோஷமா." முதல் தடவை வெளிச்சம் எரியவில்லை. இரண்டாம் தடவை எரிந்தது. எல்லோரும் இறங்கிப் போனபிறகு நிருபமா கையில் இருந்ததைத் தின்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து ஷிப்ரா அவளுக்குத் தனியாகப் பருப்பும் வாழைக்காயும் வைத்தாள். ஒருநாள் கொள்கைக்காகச் சாப்பிட்டார்கள், அதற்காகத் தினமும் வற்புறுத்துவது மாமியாரை அவமதிப்பதாகும் என்பது அவள் எண்ணம். சுகோமலுக்கு அப்படியொரு கேள்வியே எழவில்லை. அவனைப் பொறுத்தவரை அம்மாவின் விடுதலை முடிந்துபோன விஷயம். நிருபமா கேட்கவில்லை. இலிஷ் வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது. ஞாயிறுதோறும் மகனுக்கு வயிற்றுத் துண்டும் மருமகளுக்கு முதுகுத் துண்டும் அவளே எடுத்து வைத்தாள்.

பூஜை சமயத்தில் பத்திரிகை வந்தது. முழுப்பக்கப் படம். 'பூட்டை உடைத்த தாய்: மீன் உண்ணும் திருமதி நிருபமா சன்யால்' என்று கீழே. சுகோமல் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான். புதிய துறைத் தலைவரைப் பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

படத்தில் அவள் கையில் இருப்பது கத்தரிக்காய் வறுவல்.